பதினொரு காலிக் கட்டங்கள்

அன்புள்ள ஆவுடைக்கு,

சங்கரநயினாராகிய நான், ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் வர இயலாத காரணத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன். நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இங்கே அகமதாபாத்தில், மருந்துச் சோதனை அறிக்கைகளின் வாக்கியங்களை எண்களைப் பார்த்துக் கணினி நிரலே எழுதுகிறது. அவற்றைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது என் வேலை. பக்கவிளைவுக் கட்டம் காலியாக இருந்தால், "பக்கவிளைவு இல்லை" என்று எழுதிவிடும். மறுபரிசோதனைக்கே வராத பதினொரு பேருக்கும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அவர்களைக் கேட்காமலே இல்லை என்று எப்படிச் சொல்வது?

"ஒரு வரிதான அண்ணாச்சி! கையெழுத்தப் போட்டுட்டு ஊருக்குக் கெளம்புங்க. நீங்க வாரவரைக்கும் அம்மன் தபசுல ஒத்தக்கால்ல நிப்பாளாக்கும்?" என்கிறான் உடன் வேலை செய்யும் புளியங்குடி பிரின்ஸ். அதட்டிவிட்டேன், எரிச்சல்தான் அடங்கவில்லை.

எலுமிச்சை ஊறுகாய் அனுப்பு. இங்கே அதிலும் இனிப்புச் சேர்க்கிறார்கள். தொலைபேசியில் "சரி" என்று முடித்துவிடாமல் இரண்டு பக்கமாவது எழுது.

மேலாளர் அழைக்கிறார். அறிக்கையைக் கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுத்து, அந்தப் பதினொரு பேரையும் விசாரிக்கும் வரை எனக்கு விடுப்பு வேண்டாம் என்று சொல்லப் போகிறேன்.