அம்மாவுக்காக இறக்கிய இஞ்சின்

டோர்செட் பார்க், ஸ்காபரோ
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து

அன்பு மகன் ஜூலியனுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நலம் என்று தொடங்கினால் முதல் வரியிலேயே பொய் சொன்னவனாவேன், ஆகையால் அதை விட்டுவிடுகிறேன். போனை நீ எடுப்பதில்லை. கடிதத்தை அப்படி வெட்டிவிட முடியாது, அல்பேர்ட்டா வரை வந்து உன் கையில் விழுந்தே தீரும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள். எட்டாம் வகுப்பில் வாத்தியார் என் கொப்பியைப் பார்த்து, சீமோன், இதை எழுதினது நீயா உங்கள் வீட்டுக் கோழியா என்று கேட்டவர். அதற்குப் பிறகு கோழியும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை.

எழுதுவது ஒரே விஷயத்துக்கு: நீ வரவேண்டும். அம்மாவுக்கு முடியவில்லை. ஆனால் அதை நேராகக் கேட்க எனக்குத் துணிவு போதாது. அது வரும்வரை படகைப் பற்றி எழுதுகிறேன்.

ஒஷாவாவில் என் கூட்டாளி அருள்நாயகம் வீட்டு வளவில் நிற்கும் உன் படகில் கைவைத்துவிட்டேன். நீ உயர்த்திப் பூட்டிய இஞ்சினை இறக்கி, உன் மூன்றிதழ் புரொப்பெல்லரையும் கழற்றினேன். பாஸ் மீன் பிடிக்கும் போட்டிக்கென்று ஒரு வசந்தகாலம் முழுக்க நீ குனிந்து நின்று சரிபார்த்த உயரம் அது என்று தெரியும். காரணத்தைக் கேட்டுவிட்டுத் திட்டு.

கீமோவை நிறுத்திய பிறகு அம்மாவின் முகம் கொஞ்ச நாள் தெளிந்திருந்தது. ஒரு காலை தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர், "ஒருக்கா வள்ளத்தில நிமிந்து இருந்து போவம், என்ன?" என்றார். மன்னாரில் எங்கள் குடும்பத்துப் பெண்கள் மீன் காயவைப்பார்கள், வலையிலிருந்து மீன் கழற்றுவார்கள், தொழில் வள்ளத்தில் மட்டும் கால் வைக்கமாட்டார்கள். ஏறினால் மீன் போய்விடுமாம். அம்மா வள்ளம் ஏறியது ஒரே ஒருமுறை, இந்தியாவுக்கு அகதியாய்ப் போனபோது, தறப்பாளுக்குக் கீழே ஒளிந்து படுத்தபடி. கடலைக் காணவில்லை, வாயால் எடுத்த சத்தியைத்தான் கண்டேன் என்பார். நீ எத்தனை தரம் கூப்பிட்டும் உன் படகில் ஏறாததற்கும் அதுதான் காரணம். உன் போட்டி கெட்டுவிடுமாம். இப்போது கேட்டால், மீன் போனால் போகட்டும் என்கிறார்.

நானும் அருள்நாயகமும் முதலில் ஸ்கூகொக் ஏரியில் ஓட்டிப் பார்த்தோம். உன் அமைப்பு பறப்பதற்கு மகன், நோயாளியை ஏற்றுவதற்கு அல்ல. எடுத்த எடுப்பிலே முன்பக்கம் வானத்தைப் பார்த்தது, அருள்நாயகம் மல்லாந்தார். பறந்தால் சாயாமல் மட்டமாக ஓடுகிறது, வேகத்தைக் குறைத்தால் பின்பக்கம் புதைகிறது. அம்மாவின் முதுகெலும்புக்கு நோய் இறங்கியிருக்கிறது. படகு எழும்பி விழும் அந்த அடியை அது தாங்காது.

கடலில் இஞ்சின் பிடித்தவன் என்ற திமிரில் அதை ஒரேயடியாகக் கீழே இறக்கினேன். எங்கள் கடலில் அலை தூக்கும்போது புரொப்பெல்லர் வெளியே வந்து காற்றைக் கடிக்காமலிருக்க ஆழமாய்த்தான் வைப்போம். ஏரியில் அந்தக் கெட்டித்தனம் எடுபடவில்லை. படகு சேற்றில் நடப்பதுபோல் இழுத்தது, ஸ்டீயரிங் இறுகியது, பின்னால் எழும்பிய தண்ணீர் எங்கள் இருவரையும் குளிப்பாட்டியது. கரையில் நின்ற வெள்ளைக்காரர் ஒருவர் கைதட்டினார்.

பிறகு இஞ்சினைப் பூட்டும் துளை ஒவ்வொன்றாக உயர்த்தி, புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டைத் தண்ணீரின் மேல்மட்டத்தை ஒட்டி ஓடும் இடத்தில் நிறுத்தினேன். இஞ்சின் குளிர்வதற்குத் தண்ணீர் எடுக்கிறதா என்று அழுத்தமானியைப் பார்த்துச் சொல்லுவது அருள்நாயகத்தின் வேலை. சாய்வு குறைந்த நாலிதழ் புரொப்பெல்லரைப் போட்டதும் படகு மூக்கைத் தூக்காமல் எழும்பியது, மெதுவாகப் போனாலும் மட்டமாக நின்றது. முழு வேகம் கொடுத்தால் இஞ்சின் அளவுக்குமேல் சுற்றும் என்று தெரியும். கொடுக்கவில்லை.

போன கிழமை அம்மாவைக் கூட்டிப்போனோம். வீட்டிலிருந்த தலையணை எல்லாம் படகில்தான். என் பக்கத்து ஆசனத்தில் நிமிர்ந்து இருந்தார். படகு எழும்பியதே அவருக்குத் தெரியவில்லை. ஒரு பாராட்டு வரும் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சத் தூரம் போனதும் என் கையில் தட்டிச் சொன்னார்: "ஜூலியன் இதை ஓடியிருந்தா எனக்குக் கொஞ்சம் பயமாயிருந்திருக்கும். அது நல்லாயிருந்திருக்கும், என்னப்பா."

இத்தனை நாள் கிறீசில் குளித்தவனுக்குக் கிடைத்த பரிசு. சிரித்தேன். பிறகு இஞ்சினை நிறுத்திவிட்டு, சும்மா மிதந்தோம்.

அன்றைக்குப் பிறகு அம்மா கட்டிலை விட்டு எழும்பவில்லை. தாதி தினமும் வருகிறார், மருந்து இப்போது ஊசியால்தான். கரண்டியால் தண்ணீர் கொடுத்தால் பாதி கன்னத்தில் வழிகிறது. சுவாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு நோயில் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். வரவேண்டியவர்கள் இருந்தால் அறிவித்துவிடுங்கள் என்று தாதி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஆஸ்பத்திரி நடையில் நீ சொன்னது என் காதிலேயே இருக்கிறது. படிக்காத மனிசன் தலையாட்டி அம்மாவைச் சாகக் குடுத்திட்டார் என்றாய். தலையாட்டியது உண்மை. ஆனால் கீமோ போதும் என்று அம்மா வைத்தியரிடம் சொல்லிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்துக்கு வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. நீ சொன்னதே சரியாகவும் இருக்கலாம்.

உன்னிடம் கெஞ்ச வேண்டாம், வந்தால் அவனாய் வரட்டும் என்பது அம்மாவின் கட்டளை. இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. ஆனால் வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் கண்ணைத் திறக்கிறார். நேற்று மருந்து கொண்டுவந்தவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

கோபம் ஆறட்டும், பிறகு போவோம் என்று நினைத்திராதே, மகன். கோபத்தோடேயே வா. என்னோடு பேசாமல் நேரே அறைக்குள் போ, நான் சமையலறையில் இருந்துகொள்வேன். என்னைக் கோபிக்க உனக்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன.

வரும் வழியெல்லாம் மடு மாதா உன்னோடு இருப்பாராக.

உன் அப்பா,
சீமோன்