பேனரில் நான் அடித்த மூன்று சொற்கள்

அன்பான ஸ்டீபன் அண்ணா,

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அண்ணி எழுதிக் கொடுத்தது, ‘கண்டம் கடந்து சென்ற திருயாத்திரிகர்’. நான் தமாஷ் எழுதுகிறவன் என்பதால் வாசகத்தைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. முதல் மூன்று சொற்களை அடித்து நீக்கினேன். இடம் போதவில்லை என்று அண்ணியிடம் புளுகினேன். கவுன்சிலரின் கும்பிட்ட கைகளுக்கு மட்டும் தாராளமாக இடம் இருந்தது.

நீங்கள் எருசலேம் போய் வந்த ஞாயிறு நினைவிருக்கிறதா? பூசை முடிந்து, சேலையூர் கோயில் வாசலில் குட்டி பாட்டில்களில் யோர்தான் தண்ணீர் கொடுத்தீர்கள். “கண்டம் கடந்து போய் எடுத்தாந்ததுப்பா, பத்திரமா வெச்சுக்க!”

நான் சும்மா இருந்திருக்கலாம். “இன்னாண்ணா கண்டம்? ஒரு கண்டத்த வுட்டு இன்னொரு கண்டத்துக்குப் போனாத்தான் அப்டி சொல்லணும். எருசலேமும் ஆசியா, தாம்பரமும் ஆசியா. நீங்க வண்டலூர் போய்ட்டு வந்த மாதிரிதான்!”

கோயில் வாசலே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். அதன் பிறகு அந்தப் பயணத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. சிரிப்பு வாங்கிய மிதப்பில் எனக்கு அது உறைக்கவே இல்லை.

டயாலிசிஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்று, பொழுது போகட்டுமே என்று, “எருசலேம் கதைய எடுத்து வுடுங்கண்ணா” என்றேன்.

“வேணாம்ப்பா. எதனா தப்பா சொல்லிடப் போறேன்.”

மறுவாரம் அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.

அப்போதாவது திருந்தினேனா? பேனரில் கை வைத்தேன். செத்தவரிடம்கூட ஜெயித்தாக வேண்டுமா எனக்கு? அண்ணி பேனர் முன்னால் நின்று இரண்டு தடவை படித்தார். என்னிடம் ஏதாவது கேட்டிருந்தால் தேவலை.

இப்போது அந்தப் பேனர் மழையில் கிழிந்து, பாதி ஒரு காய்கறி வண்டிக்குக் கூரையாகிவிட்டது. வெண்டைக்காய்க்கு மேலே உங்கள் நெற்றி.

நாற்பதாம் நாளுக்குள் கல்லறைக் கல் வந்துவிடும். எழுத்து வெட்டுகிறவர் பக்கத்திலேயே நிற்பேன். மூன்று சொற்களும் இருக்கும். தப்பு என்று எவன் சிரித்தாலும் இருக்கும்.

உங்கள் வாய் நீண்ட தம்பி,
வின்சென்ட்

பி.கு.: கல்லில் பதிக்கப் படம் கேட்டேன். அண்ணி யாத்திரை ஆல்பத்தை எடுத்துக் கொடுத்தார். முதல் படத்தில் நீங்கள் ஒட்டகத்தின் மேல், பின்னால் பிரமிடு. “மொதல்ல கெய்ரோலதானே எறங்கினோம்” என்றார்.

கெய்ரோ ஆப்பிரிக்காவில் இருக்கிறது, அண்ணா.