படைக்கும் முன் எடுத்து வைத்தது

என் மாரியக்காவுக்கு,

செத்தவர்களோடு பேசக் கூடாது என்பது எங்கள் சபையில் கண்டிப்பு. அதை உனக்குச் சொன்னவளே நான்தான். உன் அம்மா திதிக்கு இலை போட்டுக் காக்காயைக் கூப்பிட்ட கதையை நீ சொன்னபோது, "செத்தவுக எங்கக்கா வந்து திங்கப் போறாக?" என்று கேட்டேன். "வராட்டி காக்கா திங்கட்டும்டி, அதுக்கும் வயிறு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு நீ உன் வேலையைப் பார்த்தாய்.

இப்போது நானே உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பேசத்தானே கூடாது, எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. சொன்னாலும் கேட்கிற மனநிலையில் நான் இல்லை. உனக்குப் படிக்கத் தெரியாது என்பதால் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் கேட்டால் கேட்கட்டும்.

அவர்களுக்காக நம்மைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீ எம். புதுப்பட்டியில் கம்பெனி வேனில் ஏறுவாய், நான் அடுத்த ஊரில் ஏறுவேன். பட்டாசுக் கம்பெனியில் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து, பத்து வருஷத்துக்கு மேல் சரவெடி பின்னினோம். கை பின்னிக்கொண்டே இருக்கும், வாயும் சும்மா இருக்காது. உனக்கு இருக்கன்குடி அம்மன், எனக்கு இயேசு. உன்னை எப்படியாவது சபைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது என் வைராக்கியம். அதை நான் அன்றைக்கும் மறைக்கவில்லை, இன்றைக்கும் மறைக்கப் போவதில்லை. மதம் மாற்ற வந்தவள் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு நல்லதாகப் பட்டதை எனக்குப் பிடித்தவளிடம் சொன்னேன். அதில் என்ன குற்றம்?

நீயும் லேசுப்பட்டவள் இல்லை. காணாமல் போன ஒற்றை ஆட்டைத் தேடி, மற்ற தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டுப் போன மேய்ப்பனின் கதையை நான் உருகி உருகிச் சொன்னேன். அறையே அமைதியாகக் கேட்டது. நீ மட்டும், "ஆடு வளக்கத் தெரியாத மனுசனால்ல இருக்காரு! அம்புட்டையும் விட்டுட்டுப் போனா நரி சும்மா இருக்குமா?" என்றாய். வீட்டில் வெள்ளாடு வளர்க்கிறவளின் கேள்வி அது. எல்லோரும் சிரித்தார்கள், எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அதற்குப் பிறகு பேச்சு ஓய்ந்த நேரமெல்லாம், "ஏ ரூபி, அந்த ஆட்டுக் கதைய இன்னொருக்காச் சொல்லு" என்று கேட்டவளும் நீதான்.

ஆடி வெள்ளிக்கு நீ இருக்கன்குடிக்குப் போய்ப் பொங்கல் வைப்பாய். சாமிக்குப் படைத்ததை நாங்கள் சாப்பிட மாட்டோம். முதல் வருஷம் நீ நீட்டிய தூக்குச்சட்டியை நான் வாங்கவில்லை. உன் முகம் வாடிப்போனது, மூடிக் கொண்டுபோய்விட்டாய். அடுத்த ஆடியில் அதே தூக்குச்சட்டியோடு மறுபடியும் வந்து நின்றாய். "இது படைக்கல. பானைய எறக்குனதும் ஒனக்குன்னு மொதல்ல எடுத்து வச்சுட்டுத்தான் அம்மனுக்கு எல போட்டேன்" என்றாய்.

"அம்மன் கோவிச்சுக்க மாட்டாளா?" என்று கேட்டேன்.

"கூட வேல செய்ற பிள்ளைக்குப் போட்டதுக்கு அவ என்னத்தக் கோவிக்கப் போறா. ஆறிப் போகுது, தின்னுடி."

அதற்கப்புறம் எல்லா ஆடியிலும் எனக்குத் தனியாக வந்தது. எனக்காக உன் சாமியையே காத்திருக்க வைத்தாய். நான் உனக்காக யாரைக் காத்திருக்க வைத்தேன்?

வெள்ளிக்கிழமை நம் இருவருக்குமே பட்டினி. உனக்கு விரதம், எனக்கு உபவாச ஜெபம். சாப்பாட்டு நேரத்தில் ரோட்டைத் தாண்டிச் சபைக்குப் போனால் திரும்பி வரக் கொஞ்சம் பிந்தும். பின்ன வேண்டிய சரம் பாக்கி நிற்கும், ஃபோர்மேன் சத்தம் போடுவார். அதற்கும் நீயே வழி சொன்னாய். "எனக்கு இன்னைக்குச் சாப்பாட்டு நேரம் எதுக்கு? நீ போய் ஒங்க சாமிகிட்டப் பேசிட்டு வா. ஒன் சரத்தையும் நானே பின்னிப் போடுறேன்." வருஷக்கணக்காக என் உபவாச ஜெபம் அப்படித்தான் நடந்தது.

போன வருஷம் வைகாசியில் ஒரு வெள்ளி. தீபாவளி ஆர்டர் அப்போதே நெருக்க ஆரம்பித்திருந்தது. பக்கத்து அறையில் அனுமதித்த அளவுக்கு மேல் வெடிமருந்து வைத்திருந்தார்கள். நாம் முணுமுணுத்ததற்கு, "லோடு போற வரைக்கும் பொறுங்கம்மா" என்றார் ஃபோர்மேன். மத்தியான வெயிலில் அது தானாகவே பற்றிக்கொண்டது என்று பிறகு சொன்னார்கள். எல்லோரும் வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே நீ மட்டும், என் சரத்தோடு.

சபையின் ஜன்னல் அதிர்ந்தது. நான் ஓடி வந்தபோது நம் அறை இருந்த இடத்தில் புகைதான் நின்றது. உன்னை எனக்குக் காட்டவில்லை. மூடிக் கட்டித்தான் கொடுத்தார்கள்.

உன் காரியமெல்லாம் முடிந்தபின் எங்கள் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். ஆறுதலாகத்தான் ஆரம்பித்தார். "சகோதரி, நீங்க எத்தனை தடவை சொன்னீங்க, அவங்க ஏத்துக்கல. அவங்க ஆத்துமாவுக்கு ஒங்க மேல ரத்தப்பழி இல்ல" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பழியை யார் மேல் போடுவது என்று கணக்குப் பார்க்கவா நான் உனக்கு அந்த ஆட்டுக் கதையைச் சொன்னேன்?

இந்தத் தையில் எங்கள் சபை மைதானம் பிடித்து மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடத்தியது. கடைசி நாள் நான் சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள். ஜெபத்தில் இருந்தவளைக் கர்த்தர் பட்டாசு வெடியிலிருந்து காப்பாற்றினார், அதுதான் சாட்சி. யூடியூபுக்குப் படம்கூடத் தயாராகிவிட்டது. ஒரு பக்கம் என் முகம், மறுபக்கம் நெருப்பு, மேலே மஞ்சள் எழுத்தில் 'அற்புதம்'. அந்த நெருப்பைப் பார்த்துவிட்டு நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. இப்போதெல்லாம் சாட்சிக்கும் முன்னோட்டம் போடுகிறார்கள் அக்கா. கண்ணீர் எந்த இடத்தில் வரும் என்பதுவரை கேட்டு வைத்துக்கொள்கிறார்கள்.

மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். "நாலு ஆத்துமா ரட்சிக்கப்படுமே சகோதரி" என்றார் பாஸ்டர். "உள்ளத உள்ளபடி சொல்லலாமாய்யா?" என்று கேட்டேன். "தாராளமா சொல்லுங்க" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மேடையேறினேன். மைக்கைக் கையில் வாங்கினேன். நான் பேசியதை நீ கேட்டிருக்க வேண்டும்:

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அன்னைக்கு நான் ஜெபத்துல இருந்தேன், உண்மைதான். என் வேலைய எனக்காகச் செஞ்சுக்கிட்டு ஒருத்தி உள்ள இருந்தா, அதனாலதான் நான் ஜெபத்துக்கு வர முடிஞ்சது. அவ பேரு மாரியம்மா. இருக்கன்குடி அம்மனுக்கு வெரதம் இருந்தவ. கர்த்தர் என்னையக் காப்பாத்திட்டு அவளக் கைவிட்டுட்டாருன்னு சாட்சி சொல்ல எனக்கு வாய் வராது. அளவுக்கு மேல மருந்து வச்சாக, வெடிச்சது. இதத்தான் போலீஸ்கிட்டயும் சொன்னேன், கர்த்தர் சந்நிதில மாத்திச் சொல்லவா? ஏசு அன்னைக்கு எங்க இருந்தாருன்னு என்னையக் கேட்டா, தொலைஞ்ச ஒண்ணத் தேடிப் போறவருன்னுதான நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்தீக? பத்திரமா உக்காந்திருந்த எங்க கூடவா இருந்திருப்பாரு? அந்த ரூமுக்குள்ளல்ல போயிருப்பாரு!"

அத்தனை பெரிய கூட்டத்தில் ஒருத்தரும் ஆமென் சொல்லவில்லை. பிரசங்கம் செய்ய வந்திருந்த ஊழியக்காரர் மைக்கை வாங்கி, சகோதரி துக்கத்தில் இருக்கிறார் என்று சொல்லிப் பாட்டை ஆரம்பித்துவிட்டார்.

நீ எனக்காக உயிரைக் கொடுத்தாய் என்று நான் சொல்லவில்லை, கவனித்தாயா? அதுவும் இன்னொரு மஞ்சள் எழுத்துப் படமாகிவிடும். உனக்கு உயிர் மேல் ஆசை இருந்தது. வெள்ளாடு குட்டி போட்டதும் குட்டியை விற்று, பேத்தியின் காது குத்துக்குக் கம்மல் எடுக்க வேண்டும் என்று அன்று காலை வேனில்கூடச் சொன்னாய். நீ சரம்தான் பின்னிக்கொண்டிருந்தாய்.

மறுநாள் பாஸ்டர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "நீங்க பேசுனத வெளியில போட முடியாது. ஜனங்க குழம்பிப் போவாங்க" என்றார். "குழம்பட்டும் ஐயா. நானும் குழம்பித்தான் போயிருக்கேன்" என்றேன். அவர் கெட்டவர் இல்லை அக்கா. உன்னை எடுக்க அந்த இடிபாட்டில் முதலில் இறங்கியவர்களில் அவரும் ஒருவர். அதனால்தான் அவர் மேல் எனக்கு இவ்வளவு கோபம். வெள்ளி ஜெபத்தை நடத்துகிறவள் நான், கொஞ்ச நாள் ஒதுங்கியிருக்கச் சொன்னார்கள். ஒதுங்கினேன். ஆனால் போகாமல் இருக்கவில்லை. முன் வரிசையில் போய் உட்கார்ந்து, உன் பேரைச் சத்தமாகச் சொல்லி ஜெபிக்கிறேன். அது அவர்கள் வீட்டுச் சபை மட்டுமா?

மேடையில் நான் பேசியதை யாரோ போனில் பிடித்து அனுப்பிவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு இரண்டு இளவட்டங்கள் என்னைத் தேடி வந்தார்கள். சர்ச்சுக்காரர்களைத் திட்டுவதற்கென்றே அவர்களும் ஒரு சேனல் வைத்திருக்கிறார்களாம். "ஒங்களை மதம் மாத்தி ஏமாத்திட்டாகன்னு எங்க சேனல்ல வந்து சொல்லுங்கக்கா" என்றார்கள்.

"என்னைய யாரும் ஏமாத்தல. ஏசுவ விட்டுட்டேன்னு ஒங்களுக்கு எவன் சொன்னான்? காப்பியக் குடிச்சுட்டுக் கெளம்புங்க" என்றேன். போகும்போது ஆளுக்கு ஒரு சுவிசேஷக் கைப்பிரதியும் கொடுத்துத்தான் அனுப்பினேன். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

ஆனால் இவர்கள் யாரைப் பற்றியும் எனக்குப் பயமில்லை. பயந்ததெல்லாம் சாத்தூரில் நீ கட்டிக் கொடுத்த உன் மகள் கனகாவுக்குத்தான். உன்னை எடுத்த நாளிலிருந்து அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. யாருடைய சரத்தைப் பின்னப் போய் அம்மா செத்தாள் என்பது அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுத் தெரு வழியாகப் போக நேர்ந்தால் சுற்றிக்கொண்டு போனேன். மைக்கைப் பிடித்தவளுக்கு அந்தத் தெருவில் நடக்கத் தைரியமில்லை.

வருஷம் கழியட்டும் என்று காத்திருந்து, இந்த ஆடியில்தான் அவள் உனக்குப் பிறகு முதன்முதலாக இருக்கன்குடியில் பொங்கல் வைத்தாள். வைத்த அன்றைக்கே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் அதே தூக்குச்சட்டி.

"படைக்கல சித்தி. அம்மா செய்ற மாதிரியே மொதல்ல ஒங்களுக்கு எடுத்து வச்சுட்டேன்."

"எம்மேல ஒனக்குக் கோவம் இல்லையா தாயி?"

"இருந்துச்சு. இப்பவும் இருக்கு" என்றாள். "அதுக்காக ஒங்க பங்க எடுத்து வைக்காம இருக்க முடியுமா? அம்மா என்னைய விட்டுருவாளா?"

வாசல்படியிலேயே உட்கார்ந்து, அவள் முன்னாலேயே சாப்பிட்டேன். வெல்லம் கொஞ்சம் கூடிப்போயிருந்தது. உன் கைப்பக்குவம் இல்லை. ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

அக்கா, நீ இப்போது எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் மாதிரிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகவில்லை. நான் இன்னும் சுவிசேஷம் சொல்லுவேன். கம்பெனிக்குச் சீல் வைத்துவிட்டதால் இப்போது காலண்டர் ஒட்டும் வேலைக்குப் போகிறேன். அங்கே பக்கத்தில் இருக்கிறவளுக்கும் ஆட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஆனால் கேட்காதவர்கள் நரகத்துக்குப் போவார்கள் என்ற மிரட்டலை என் வாயிலிருந்து இனி யாரும் வாங்க முடியாது.

பரலோகத்தில் பெரிய விருந்து உண்டு என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். என்னையும் அந்தப் பந்தியில் உட்கார வைத்தால், பரிமாறும் முன்பே எழுந்து நின்று இயேசுவிடமே கேட்பேன்: "எங்க மாரியக்காவுக்கு எடுத்து வச்சிருக்கீகளா?" ஆமாம் என்றால் உட்காருவேன். இல்லை என்றால், என் பங்கை ஒரு தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு நீ இருக்கிற இடத்தை விசாரித்துக்கொண்டு நடப்பேன். இது உனக்கு நான் செய்து தரும் சத்தியம். ஆடு வளர்க்கத் தெரியாத அந்த மனுசன் என்னைத் தடுக்க மாட்டார். எனக்கு முன்னாலேயே அந்த வழியில் போயிருப்பார்.

உனக்கு எதிரே உட்கார்ந்து சரம் பின்னிய
உன் தங்கச்சி,
ரூபி