ஜன்னலோர ஜாடியும் பாதிப் பன்றியும்

செப்டம்பர் 9
இன்றும் என் மனைவி ஹெட்விகாதான் என் ஷூ நாடாவைக் கட்டிவிட்டாள். ஐம்பத்து மூன்று வயதில் முதுகு பலகையாகிவிட்டது. சவப்பெட்டிக்கு அடிப்பலகை மிச்சம் என்று அவளுக்கு ஒரே நிம்மதி. உடம்பில் ஏதோ ஓர் அமிலம் கரையாமல் தங்கி, மூட்டு மூட்டாகப் படிந்து கறுக்கிறதாம். காது மடல் நீலம். மூத்திரத்தைத் திறந்து வைத்தால் மாலைக்குள் காப்பி. எல்லாம் பரம்பரைச் சொத்து: அப்பாவிடம் பாதி, அம்மாவிடம் பாதி. எங்கள் பள்ளத்தாக்கில் பெண் பார்க்க எவனும் மலை தாண்டியதில்லை.

செப்டம்பர் 17
மருத்துவமனையில் ஆராய்ச்சி. நாற்பது பேர். பாதிப் பேருக்கு மருந்து, மற்றவர்களுக்குப் பார்வைக்கு அதே மாதிரி வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டர் மலினோவாவுக்கே தெரியாதாம்.

"போன முதுகு திரும்ப வராது. மிச்சத்தக் காப்பாத்துதான்னு பாக்குறோம். கறி, சீஸ் எல்லாம் கொறைங்க. மருந்து உள்ள போறவங்க அதத் தின்னா கண்ணு செவந்துடும்."

என்னிடம் மிச்சம் எது? ஆனால் சித்தப்பா மகன் ப்ளாஷெயும் சேர்ந்திருக்கிறான். அவனுக்கு நாற்பத்தொன்று. முதுகு இன்னும் வளைகிறது. எழும்போது மட்டும் ஒரு முனகல் — அந்த வயதில் என்னிடமிருந்த அதே முனகல். எனக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 2
ரகசியமாம்! மூத்திரத்தை ஊறுகாய் ஜாடியில் பிடித்து ஜன்னலில் வைத்தேன். மாலையிலும் தங்க நிறம். வாழ்க்கையில் முதல்முறை.

"அய்யோ, என் வெள்ளரிக்கா ஜாடி! மனுஷனாய்யா நீ?" என்று கத்திய ஹெட்விகா, மூன்று முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டும் போனாள்.

அக்டோபர் 3
ப்ளாஷெயின் ஜாடி கறுப்பு.

அக்டோபர் 5
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தான். "பரவால்ல அண்ணே, மாவு உள்ள போகுது. ரொட்டிச் செலவு மிச்சம்." சிரித்த கையோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டான். பலகைக்கு மருந்து, வளையும் முதுகுக்கு மாவா? என்ன நியாயம்?

அக்டோபர் 6
தாத்தா காலத்திலிருந்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே பன்றி. சேர்ந்து வளர்த்து, டிசம்பரில் அறுத்து, முதுகெலும்போடு ரம்பத்தால் சரிபாதியாகப் பிளப்போம். வால் நாய்க்கு. தனியாக முழுப்பன்றி தின்றவன் எங்கள் குடும்பத்தில் இல்லை.

ஆகவே மாத்திரையையும் பிளந்தோம். ஒருநாள் என் மாத்திரை அவனுக்கு, அவனுடையது எனக்கு, மறுநாள் அவரவருடையது.

"டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"பன்னியப் பங்கு போட எந்த டாக்டரக் கேட்டோம்? முழுங்குடா."

அக்டோபர் 24
இரண்டு ஜன்னலிலும் ஒரே நிறம். வெளிர்த் தேநீர்.

டிசம்பர் 15
பன்றி அறுத்தோம். ஒரே ஒரு துண்டு என்றுதான் ஆரம்பித்தேன்.

டிசம்பர் 19
கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி. ப்ளாஷெய்க்கும் அப்படியே. இன்று பார்த்துப் பரிசோதனை நாள் வேறு. டாக்டர் எங்கள் நான்கு சிவந்த கண்களையும் மாறி மாறிப் பார்த்தார். நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜனவரி 11
யாருக்கு எது என்று எழுதி ஒட்டிவைத்த உறைகளில் எங்கள் இருவருடையதை மட்டும் மேலிடத்தில் திறந்துவிட்டார்கள். டாக்டர் கூப்பிட்டு நிறுத்தினார்.

"மாவு தின்ன ஆளுக்குக் கண்ணு செவந்திருக்கு. அமிலமும் எறங்கியிருக்கு. ஒண்ணு, மாவுல அற்புதம் நடந்திருக்கணும். இல்ல, நீங்க ரெண்டு பேரும் களவாணிங்க."

பன்றிக் கதையைச் சொன்னேன். அவரும் பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர்தான். உதடு துடித்தது, சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"மருந்து வேல செய்யுதுன்னு நிரூபிச்சாத்தான் எல்லாருக்கும் கெடைக்கும். உங்க தம்பிக்கும் சேத்துத்தான். நீங்க என் ஆராய்ச்சியையே பிளந்து வச்சிருக்கீங்க."

புட்டிகளை வாங்கிக்கொண்டார். இனி நாங்கள் கணக்கில் இல்லை.

பிப்ரவரி 2
ஜாடி மறுபடி காப்பி. ப்ளாஷெய் வேலிப் பக்கமே வரவில்லை. என்னை நானே திட்டிக்கொள்கிறேன்: சே, என்னடா பண்ணி வச்சிருக்க, வெண்டெலீன்? நல்லது பண்றேன்னு... அவனுக்குக் கிடைக்க வேண்டியதை நானே கெடுத்துவிட்டேனா?

மார்ச் 4
இரண்டு வருஷமாக இதில் எழுதவில்லை. எழுத என்ன இருந்தது, கறுப்பைத் தவிர?

மீதி முப்பத்தெட்டு பேரும் பன்றியை மட்டுமே பிளந்திருக்கிறார்கள், மகராசன்கள். மருந்து வேலை செய்கிறதாம்! டாக்டரே போன் செய்தார்.

"ரெண்டு பேரும் வந்து சேருங்க. ஆளுக்கொரு முழுப் புட்டி. பங்கு போட்டீங்க, போலீஸக் கூப்பிடுவேன்."

வேலிக்கு ஓடினேன். ஓடினேன் என்பது ஒரு பேச்சுக்கு.

செப்டம்பர் 9
ஹெட்விகா ஜாடியைக் கொதிநீரில் மூன்று முறை கழுவி வெள்ளரிக்காய் போட்டிருக்கிறாள். வீட்டில் யாரும் தொடவில்லை, அவள் உட்பட.

சர்ச்சுக்குக் கிளம்பும்போது அவள் கையெல்லாம் பிசைந்த மாவு. என் ஷூ நாடா தரையில். அழைத்துப் போக வந்த ப்ளாஷெய், "கால நீட்டுங்க மகாராஜா" என்று குனிந்தான். இரட்டை முடிச்சு போட்டான். நிமிர்ந்தான்.

என் நீலக் காதுகள் இரண்டையும் தீட்டிக்கொண்டு கேட்டேன். முனகல் இல்லை.