டெலியோவின் கழுத்துத் தாயத்து

ஜெனரல் சாந்தோஸ் துறைமுகம்
ஜூலை 3

அன்புள்ள டெலியோ,

உங்களுக்கு ஐஸ் கொண்டுவரும் படகில் கரைக்குத் திரும்பிய உன் தம்பி நெஸ்டர் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணி, அண்ணன் புதுத் தாயத்து கட்டியிருக்கான். சூரை மீன் முதுகுல இருந்து பிடுங்குனது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது எங்கள் மீன்வள ஆபீஸ் மீனில் பொருத்திய கருவி. இருக்கும் இடத்தையும் சூட்டையும் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். இங்கே அதைப் பதிவு செய்பவளே நான்தான். நேற்று திரையில் அந்தக் கருவியின் புள்ளி இந்தோனேசிய எல்லையைத் தாண்டியது. மீன் தாண்டலாம், நீ தாண்டினால் படகைக் கொளுத்திவிட்டு உன்னைச் சிறையில் போடுவார்கள். "இவ்வளவு சூடு எந்த மீனுக்கு இருக்கு? கருவி கெட்டுப்போச்சு" என்கிறார் அதிகாரி. அவர் யோசிப்பதற்குள் அதைக் கழற்றிக் கடலில் எறிந்துவிடு. பயமாக இருக்கிறது.

உன்,
நெனிதா

கடலில்
ஜூலை 15

என் நெனிதா,

எறியமாட்டேன். இதைக் கட்டிய பிறகு என் தூண்டில் வெறுமையாக வந்ததில்லை. மீன் எல்லைக் கோட்டைத் தாண்டினால் நானும் தாண்டத்தான் வேண்டும்.

தாய்ப்படகு எங்களை ஆளுக்கொரு சின்னப் படகில் இறக்கிவிட்டால், சுற்றிலும் ஒரு முகம் தெரியாது. அப்போது இதைத் தொட்டுப் பார்ப்பேன். உயிரோடு இருக்கிறேனா என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை என்பாயே, இனி தினமும் காலையில் பார்த்துக்கொள். கருவாடு போதும், மிளகாய் அனுப்பு.

உன்,
டெலியோ

ஜெனரல் சாந்தோஸ்
ஆகஸ்ட் 1

டெலியோ,

ஆபீஸுக்குள் நுழைந்ததும் உன்னைத்தான் பார்க்கிறேன். முப்பத்து நான்கு டிகிரி. உன் கழுத்துச் சூடு. உன்னைத் திட்டிவிட்டுத்தான் டீ குடிப்பேன்.

முந்தாநாள் அடித்த புயலுக்குப் பிறகு தாய்ப்படகு நீ இல்லாமல் திரும்பியது. எங்கே தேடுவது என்று கடலோரக் காவலர் கேட்டதற்குத் படகுத் தலைவர் எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள நம் கடலைக் காட்டினார். என்னிடம் தனியாக, "வாயத் தொறந்தேன்னா படகும் போகும், லைசென்ஸும் போகும். இத்தனை குடும்பமும் நடுத்தெருவுல நிக்கும்" என்றார்.

புள்ளி கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இன்னும் சூடாக இருந்தது. அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னைத் தேடி இந்தோனேசியக் காவல் படகு வருகிறது. அவர்களைக் கண்டு விலகிப் போகாதே. சிறையில் போடட்டும், சோறு போடுவார்கள். காட்டிக்கொடுத்தவள் என்று என்னைத் திட்டு. நேரில் வந்து திட்டு.

இதை நெஸ்டரிடம் கொடுக்கிறேன். உன்னைக் கரை சேர்த்ததும் தருவான்.

உன்,
நெனிதா

ஆகஸ்ட் 3

அன்புள்ள டெலியோ,

நெஸ்டர் கிளம்புவதற்குள் இதையும் சேர்த்து வைக்கிறேன்.

நேற்றுக் காலையிலிருந்து இருபத்தெட்டு காட்டுகிறது. கடலின் சூடு அவ்வளவுதான். புள்ளி நீரோட்டத்தோடு மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. அதிகாரி என் முகத்தைப் பார்க்காமல், "கழுத்துக் கயிறு அறுந்திருக்கும்மா" என்றார். தேடும் படகு இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.

மிளகாய் வாங்கி வைத்திருக்கிறேன்.

கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் நீ கேட்டதில்லை. அதைக் கழற்றிக் கடலில் எறி என்று எழுதியிருந்தேனே, அதை மட்டுமாவது இப்போது கேட்டிருப்பாய், இல்லையா?

உன்,
நெனிதா