தாய்வழி: இல்லை

அன்பு மகனுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதினால் பொய். நீ நலமா என்பது உனக்கே தெரியாது, அதற்குத்தான் இந்தக் கடிதம். அப்பாவுக்கு புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள். தையல் மிஷினை விட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் எழுந்து ஓடிய நாட்களில், பக்கத்துக் கடைக்காரர் "டெய்லரே, மிஷினை பாத்ரூம்லயே போட்டுடுங்க" என்று கேலி செய்ய, இவரும் சேர்ந்து சிரித்தார்.

அது போகட்டும். போனில் நீ சொன்னதுதான் இன்னும் எரிகிறது. "இந்த நோயை வளக்கிற ஆண் ஹார்மோனை வாங்குற ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கும்மா, அப்பா எனக்குக் கொடுத்தது ஒய் மட்டும்தான், எனக்கு ஒண்ணும் வராது" என்றாய். அங்கே மருத்துவமனையில் கொடுத்த படிவத்தில் தாய்வழியில் யாருக்கும் இல்லை என்று எழுதிவிட்டு, பரிசோதனைக்கு ரத்தம்கூடக் கொடுக்காமல் திரும்பியதாகப் பெருமை வேறு. என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? ஆண்கள் நோய்க்கு அம்மாவிடம் என்ன கேட்பது என்று நினைத்துவிட்டாய், இல்லையா? அந்த எக்ஸ் உனக்கு வானத்திலிருந்தா விழுந்தது?

உன் பெரிய மாமா கிட்னி கெட்டுச் செத்ததாகத்தான் உனக்குத் தெரியும். இதே நோயடா. நான்கு மாதம் அவன் மூத்திரப் பையை மாற்றியவள் நான். "தங்கச்சி, வெளிய சொல்லிடாத, மானம் போயிடும்" என்றான், நானும் வாயைத் தைத்துக்கொண்டேன். உன்மேல் வருகிற கோபத்தில் பாதி என்மேல்தான்.

நேற்று அப்பாவின் டாக்டரம்மாவிடம் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "மாமாவுக்கு இருந்ததும் முக்கியம்தாம்மா. உங்க அண்ணனுக்கு இருந்த எக்ஸே உங்க வழியா மகனுக்குப் போயிருக்கலாம். எக்ஸ், ஒய் மட்டுமில்ல, மத்த குரோமோசோம்லயும் இதுக்கான ஜீன் இருக்கு, அது அப்பாகிட்டேருந்தும் வரும். வந்தே தீரும்னு இல்ல, ஆனா நாப்பது தாண்டினவர் சும்மா இருக்கக் கூடாது" என்றார். அரைகுறையாகப் படித்துவிட்டு அப்பனுக்கும் மாமனுக்கும் நடுவில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறாய்.

வேளைக்குச் சாப்பிடு. மருமகளைக் கோபிக்காதே, அதற்குப் பிறகும் இன்றுவரை நீ பரிசோதனைக்குப் போகவில்லை என்று என்னிடம் சொன்னவள் அவள்தான். நூறு வயது இருப்பாய் என்று வாழ்த்துகிறேன், ஆனால் என் வாழ்த்து உன் ரத்தத்தைப் பரிசோதிக்காது. படிவத்தைத் திருத்து, பரிசோதனைக்குப் போ. பதில் கடிதத்தில் நலம் என்று எழுதாதே, ரிப்போர்ட்டை வை.

இப்படிக்கு,
நீ இல்லை என்று எழுதிய தாய்வழி,
அம்மா