என்கி சுவரிடம் சொன்னது

என் பாசமுள்ள அண்ணைக்கு,

உங்கள் ஆண்டுத் திவசமும் முடிந்துவிட்டது. கிங்ஸ்பரி வீட்டில் உங்கள் அறை அப்படியே கிடக்கிறது. அந்தச் சுமேரியப் புத்தகங்களை மட்டும் லைப்ரரியில் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் நீங்கள் சுகமா என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என்ன பைத்தியம் அண்ணை உங்களுக்கு! ஹீத்ரோவில் பெட்டி தூக்கிவிட்டு, முதுகு வலிக்குது என்று முனகிக்கொண்டே, அகராதியும் கையுமாக நாலாயிரம் வருசத்துக் கடவுள்மாரின் சண்டையை வாசிப்பீர்கள்.

"என்லில் வெள்ளத்தை அனுப்பி எல்லாரையும் அழிக்கப் பாக்கிறான். என்கி ஒருத்தனைத் தப்ப வைக்கிறான். பிறகு வேதக்காரரின்ர பைபிள் பேழைக் கதையைப் பார், அழிக்கிறதும் காப்பாத்திறதும் ஒரே கடவுள். ரெண்டு பேற்ர சண்டையையும் ஒருத்தற்ர மனசுக்குள்ள வச்சிட்டாங்களோ?"

"எங்கட சிவனும் அப்பிடித்தானே அண்ணை, அழித்தலும் அவர், அருளலும் அவர்."

"மறைத்தலும் அவர்தான், மறந்திடாதை. ஆனா ஒண்டிலயிருந்து ஒண்டு வந்ததெண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது."

முதுகு வலி குறையவில்லை. ஆஸ்பத்திரி முடிவு வருவதற்கு முதல் நாள் அக்கா என்னை ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனா. "கான்சர் மாதிரிக் கூடாத வருத்தமெண்டா அவனுக்குச் சொல்லாதை. தெரிஞ்சா அண்டைக்கே செத்திடுவான். சத்தியம் பண்ணு." நம் சனம் எல்லாரும் செய்வதுதானே என்று பண்ணினேன்.

வாசிக்கிற இங்கிலீஸ் வேறை, இவங்கள் கதைக்கிற இங்கிலீஸ் வேறை என்று நீங்கள்தான் என்னை மொழிபெயர்க்கக் கூட்டிப் போனீர்கள். கட்டி முதுகெலும்புக்குப் பரவிவிட்டது, கோடை வரை உயிர் தாங்காது, பார்க்க விரும்பும் ஆட்கள் இருந்தால் இப்போதே பாருங்கள் என்று டொக்டர் உங்கள் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"என்னவாம் தம்பி?"

"நரம்பில வீக்கமாம் அண்ணை. மருந்துக்கு மாறிச் சுகமாகுமாம்."

நீங்கள் சிரித்துக்கொண்டு டொக்டருக்குத் தாங்க் யூ சொன்னீர்கள். ஐயோ அண்ணை, அந்தச் சிரிப்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

"மாறட்டும். கோடைக்கு மெட்ராசுக்குப் போய் வாணியைப் பாக்கிறன்" என்றீர்கள். உங்கள் மகள், தாயில்லாப் பிள்ளை. எண்பத்தைந்தில் மாமி வீட்டில் விட்டுவிட்டு வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பிறகு பத்து வருசமாய்ப் போட்டோவில்தான் கண்டீர்கள். கோடைக்கு முதலே போய்விட்டீர்கள்.

கடைசிக் கிழமை படுக்கையில் இருந்தபடி ஒரு கதை சொன்னீர்கள். "வெள்ளம் வாறதை மனுசருக்குச் சொல்லக்கூடாதெண்டு கடவுள்மார் எல்லாரும் சத்தியம் பண்ணினவை. என்கி என்ன செய்தவன் தெரியுமே? மனுசனுக்குச் சொல்லேல்லை. அவன்ர நாணல் சுவருக்குச் சொன்னவன். உள்ளுக்குள்ள இருந்தவனுக்குக் கேட்டிட்டுது." சொல்லிவிட்டு என்னையே பார்த்தீர்கள். நான் ஹோர்லிக்ஸ் கரைக்கப் போய்விட்டேன். தெரிந்துதான் சொன்னீர்களா? சத்தியத்தையும் காப்பாற்றிக்கொண்டு சொல்ல எனக்கு ஒரு வழி காட்டினீர்களா? அறையில் நாலு சுவர் இருந்தது. நான் ஒன்றிடமும் பேசவில்லை.

வாணிக்கு விசா கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை வந்து இறங்குகிறாள். போனில் அழவேயில்லை, கோபமாகக் கேட்டாள். "அங்கத்தை டொக்டர்மார் நேரேயே சொல்லுவினமாமே. சாகப்போறனெண்டு தெரிஞ்சும் அப்பா ஏன் சித்தப்பா என்னைக் கூப்பிடேல்லை? நான் அவருக்கு வேண்டாமே?" அந்த நேரமும் நான் பிளேன் வரும் நேரத்தைத்தான் கேட்டு எழுதிக்கொண்டேன்.

வாணி கேட்டதை அக்காவிடம் சொன்னேன். "அவள் சின்னப் பெட்டை, கொஞ்ச நாளில மறந்திடுவாள். நீ சத்தியத்தை முறிக்காதை" என்றா. மறக்க மாட்டாள். தகப்பனுக்குத் தான் வேண்டாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டே வாழ்ந்துவிடுவாள். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணை. எனக்கிருக்கும் ஒரே பெறாமகள் அவள். இதைக் கேட்ட பிறகு என் முகத்தில் முழிக்க மாட்டாள்.

ஆனாலும் வியாழக்கிழமை, வீட்டுக்கு வர முதல், காரில் வைத்தே சொல்லிவிடுவேன். டொக்டர் சொன்னதையும், நான் உங்களிடம் சொன்னதையும், ஒரு சொல்லும் விடாமல். அவள் உங்கள்மேல் வைத்திருக்கும் கோபம் எனக்குச் சேரவேண்டியது. அதை நான் வாங்கிக்கொள்கிறேன்.

உங்களுக்கு மாற்றிச் சொன்ன,
உங்கள் தம்பி